வன்னி மரத்தடியில் கிடந்த கொம்புகள்

பேய், காத்து, கருப்பு என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். துபாய்க்கு வடக்கே ராஸ் அல் கைமாவில் ஒரு டைல்ஸ் ஃபேக்டரியில் தரம் பார்க்கும் வேலை. மயிரிழை விரிசலைத் தேடித் தேடியே இத்தனை வருஷம் சோறு தின்றிருக்கிறேன். தொட்டுப் பார்க்காமல் எதையும் ஒப்புக்கொண்டதில்லை. இதைப் படித்து நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது, வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

செல்வம் என் ரூம்மேட். அதே ஃபேக்டரியில் சூளை ஆபரேட்டர், தாளவாடிப் பக்கத்துப் பையன். அவன் ஊர்க் காட்டில் புள்ளிமான் வருஷாவருஷம் கொம்பை உதிர்த்துவிட்டுப் போகுமாம், ஆனால் குனிந்து எடுத்தால் ஃபாரஸ்ட்காரர்கள் பிடித்துக்கொண்டு போவார்களாம். இங்கே மலைக்கும் மணலுக்கும் நடுவே இருக்கும் சரளைப் பொட்டலில் மான்களைப் பார்த்த நாளிலிருந்து ஒரே நச்சரிப்பு.

"வேலி இல்ல, கேட்டு இல்ல, கேக்க ஒரு நாதி இல்லீங்ணா. உதுந்தது சும்மாதான கெடக்கும்? ஒரு ஜோடி கொண்டுபோனா அம்மா மூட்டுக்கு ஒரைச்சுப் பூசலாம்."

"ஏர்போர்ட்ல உன்னை ஒரைச்சுப் பூசுவாங்க" என்றேன்.

"அதை நான் பாத்துக்கறேன். நீங்க காரை மட்டும் எடுங்க."

ஜனவரி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. தார் ரோடு முடிகிற இடத்தில் காரை விட்டுவிட்டு நடந்தோம். காலை முழுக்க அலைந்தும் ஆட்டுப் புழுக்கையும் காலி தண்ணீர் பாட்டிலும் தவிர ஒன்றும் அகப்படவில்லை. வெயில் உச்சிக்கு வந்தபோது தனியாக நின்ற ஒரு மரத்தடிக்குப் போய்ச் சேர்ந்தோம். இங்கே காஃப் என்பார்கள், நம் கோயில்களில் நிற்கிற வன்னிதான். அதன் அடியில் கொம்புகள் கிடந்தன. சிதறிக் கிடக்கவில்லை, நுனியெல்லாம் மரத்தைப் பார்க்க வரிசையாகக் கிடந்தன.

செல்வம் விசிலடித்தான். நான் வழக்கம்போல ஒவ்வொன்றாக எடுத்து அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். முறிந்த தடம் இல்லை, வெட்டு இல்லை, ஒட்டிய எலும்பு இல்லை. உதிர்ந்தவைதான். பையில் போட்டுக்கொண்டோம்.

திரும்பும்போது செல்வத்தின் கால் ஒரு உடும்புப் பொந்துக்குள் இறங்கிப் பிசகியது. கணுக்கால் பன் மாதிரி வீங்கிவிட்டது. கார் எங்கேயோ இருக்கிறது, கையில் ஒரு பாட்டில் தண்ணீர்தான், போனில் சிக்னல் இல்லை. நான் போனைத் தூக்கித் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன், அவனோ சிரித்தான். "மருந்து கையிலயே இருக்குதுங்ணா." ஒரு தட்டைக் கல்லில் தண்ணீர் விட்டு, ஒரு கொம்பை எடுத்துச் சந்தனம் மாதிரி உரைத்துப் பூசினான். ஈன்ற ஆட்டிடம் வருமே, அந்த வாடை அடித்தது. நம்பினால் நம்புங்கள், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீக்கம் வடிந்தது.

அவன் எழுந்தான். மலையைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தான்.

"டேய், கார் இந்தப் பக்கம்டா!"

திரும்பவில்லை. உரைத்த கொம்பையும் பாட்டிலையும் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். ஒரு மேட்டைத் தாண்டியதும் மான்கள் நின்றன. மனிதனைக் கண்டதும் பறக்கிற பிராணி, அசையாமல் நின்றது. எல்லாம் கிடாக்கள். கொம்பு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டிரண்டு கறுத்த வட்டங்கள். செல்வம் அவற்றின் நடுவில் போய் நின்று என்னைப் பார்த்துத் திரும்பினான். அவை முன்னங்காலால் தரையை உதைத்தன, இவனும் பிசகிய காலால் உதைத்தான். எல்லாம் ஒரே நேரத்தில்.

"செல்வம், வாடா."

"எங்களுதை எடுத்துட்டு எங்க போற நீ?"

குரல் அவனுடையதுதான். ஆனால் ஆறு வருஷத்தில் ஒருநாள் கூட என்னை 'நீ' என்று சொன்னவனில்லை அவன். அந்தக் கண்ணில் என்னைத் தெரிந்த அடையாளமே இல்லை, என்னை நசுக்க வேண்டும் என்கிற வெறி மட்டும் இருந்தது. மான்கள் முன்னால் வரத் தொடங்கின. பட்டப்பகல், என் நிழல் என் பக்கத்திலேயே கிடக்கிறது, மான் வந்து மிதித்து மனிதன் சாவானா என்று யோசித்துக்கொண்டே பின்வாங்கினேன். கார்ச் சாவி என் பாக்கெட்டில் இருந்தது. அவனை விட்டுவிட்டுப் போய் ஊரில் அவன் அம்மாவிடம் என்ன சொல்வேன்?

பையைத் திறந்து ஒரு கொம்பைத் தரையில் வைத்தேன். அவை நின்றன. இன்னொன்று வைத்தேன், ஓரடி பின்னே போயின. உரைத்த கொம்பு உட்பட எல்லாவற்றையும் வைத்த பிறகு அவை மேட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கிவிட்டன. செல்வம் மட்டும் நின்றான். மிச்சத் தண்ணீரை அவன் கணுக்காலில் ஊற்றித் தேய்த்துக் கழுவினேன். நெஞ்சில் உதைத்தான். மறுபடி பிடித்துக் கழுவினேன், மறுபடி உதைத்தான். பிறகு தொப்பென்று உட்கார்ந்து, "அண்ணா, கால் வலிக்குதுங்ணா" என்று அழுதான். கால் முன்பு போலவே வீங்கியிருந்தது. ஒரு வீக்கத்தைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டவன் நானாகத்தான் இருப்பேன். தோளில் சாய்த்து இழுத்துக்கொண்டு கார் வரை வந்து சேர்ந்தேன்.

மறுநாள் கேம்ப்பில் தண்ணி டேங்கர் ஓட்டும் பாகிஸ்தான்காரப் பட்டாணியரிடம் கொம்பு கிடைத்ததை மட்டும் சொன்னேன். அவர் சிரித்தார். "யே ஹிரன் கா சிங் கிர்தா நஹி, பாய்." இந்த ஊர் மானுக்குக் கொம்பு உதிராது. நம் ஊர் ஆட்டுக்கு இருப்பது போலத்தான், செத்தால் மண்டையோட்டோடு கிடைக்கும். பிறகு நானும் விசாரித்துப் பார்த்தேன், உண்மைதான். மான் என்றால் எல்லாம் ஒரே மான் என்று நாங்கள் இருவரும் நினைத்திருக்கிறோம்.

செல்வம் அடுத்த வருஷமே விசாவை கேன்சல் பண்ணிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டான். கல்யாணம், தோட்டம், நன்றாகத்தான் இருக்கிறான். ஆனால் ஒவ்வொரு தை மாதமும் போன் வரும். "இந்த வருசமும் ஒண்ணு விழுந்துருச்சுங்ணா." பல். வலி இல்லை, ரத்தம் இல்லை, வேரோடு வந்துவிடுமாம். பங்குனிக்குள் அந்த இடத்தில் புதிதாக முளைத்துவிடும். பல் டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, மிஷின் கோளாறு என்று அனுப்பிவிட்டார்.

விழுந்ததை என்ன செய்கிறாய் என்று போன தையில்தான் கேட்டேன்.

"வீட்டுல இருந்தா தூக்கமே வரதில்லீங்ணா. மலையடிவாரத்துல பொட்டல் ஒண்ணு இருக்குது, அங்க வெச்சுட்டு வந்துருவேன். அடுத்த நாள் பாத்தா இருக்காது. இந்தத் தடவை வெச்சுட்டுத் திரும்பறேன், தூரத்துல ரெண்டு பேரு பையோட குனிஞ்சு எதையோ தேடிட்டு வந்தாங்க. அதுல ஒருத்தரு நடை உங்க நடையேதானுங்ணா."

"நான் இங்கதானேடா இருக்கேன்" என்றேன்.

"அதுனாலதாங்ணா அவரைக் கூப்பிடல."