கிட்டே வந்தால் காற்று கெடும்

காற்றைப் பிடித்து எவர்சில்வர் குடுவையில் அடைத்துக்கொண்டு போவதுதான் என் பிழைப்பு. "என்ன வேலை பார்க்கறீங்க?" என்று யாராவது கேட்டு, பதில் சொல்லிவிட்டு, ஏன் சொன்னோம் என்று நொந்துபோயிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் நம்ம கட்சி. எனக்கு ஆபீஸ் தரமணியில் ஓர் ஆராய்ச்சிக்கூடம். காற்றை இழுக்கும் கருவி இருப்பது மயிலாப்பூரில் ஒரு அபார்ட்மென்டின் மொட்டை மாடியில். விடியும்போது நான் அங்கே இருந்தாக வேண்டும்.

காத்து பிடிக்கிறவர்

மாடிக்குக் காத்து பிடிக்கிறவர் வந்திருக்கிறார் என்று வாட்ச்மேன் முதல் நாளே கட்டடம் முழுக்கச் சொல்லிவிட்டார். காத்து என்றால் நம் ஊரில் பேய்க்கும் அதே பெயர். மறுநாள், அங்கே வீட்டு வேலை செய்யும் செல்வியம்மா கையில் எலுமிச்சம்பழத்தோடு படியேறி வந்தார். அவர் மருமகள் தூக்கத்தில் அலறுகிறாளாம்.

நான் பேய் ஓட்டுகிறவன் இல்லை, இது நாம் மூச்சு விடுகிற வெறும் காற்று என்று பொறுமையாக விளக்கினேன். கடல் காற்றில் உப்பு, உப்பில் குளோரின் என்று வேறு சேர்த்துக்கொண்டேன். அந்தம்மா என் குடுவையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அதான் பாட்டில்ல போட்டு மூடிக்கினு போறியே நைனா, எங்கூட்டு காத்தையும் அதுலயே போட்டுக்கினு போயேன், இன்னா கொறஞ்சிடப் போவுது?"

தனி அணு

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. மாதிரி எடுக்கிறவன் பவுடர், சென்ட், தலைக்கு எண்ணெய் எதுவும் போடக் கூடாது. வேறு யாரும் கிட்டே நிற்கவும் கூடாது. அவர்கள் மேலிருந்து கிளம்பும் ஆவியும் குடுவைக்குள் போய்விடும். மனைவி காலமானதிலிருந்து வீட்டில் எனக்குப் பேச ஆளில்லை. வேலை செய்யும் இடத்திலோ ஆள் இருக்கவே கூடாது.

துணி உலர்த்த வந்த இரண்டாம் மாடி மாமியைக் கொஞ்சம் தள்ளி, காற்று போகிற பக்கமாக நிற்கச் சொன்னேன். கோபித்துக்கொள்ளாமல் காரணம் கேட்டார். சொன்னேன். கடல் உப்பிலிருக்கும் குளோரின் ராத்திரி வண்டிப் புகையோடு சேர்ந்து ஒரு வாயுவாகிக் காத்திருக்கும். வெயில் பட்டதும் அது உடைந்து, குளோரின் அணு தனியாக வெளியே வரும். தனியாக அதற்கு ஒரு கணம்கூட இருப்புக்கொள்ளாது. பெட்ரோல் ஆவியோ பூ வாசனையோ, எதிரே வருவதிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கித் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். பறிகொடுத்த ஆவி ஆக்சிஜனோடு சேர்ந்து வேறொன்றாகிவிடும். எந்த ஆவி எவ்வளவு குறைந்தது என்று பார்த்துத்தான் குளோரின் வந்து போனதையே கண்டுபிடிப்போம். எல்லாவற்றையும் கேட்ட மாமி, புடவைக்குக் கிளிப் மாட்டிக்கொண்டே சொன்னார்: "தனியா இருக்கறது கஷ்டம்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கு. உங்களைவிட அதுக்கு சமத்து ஜாஸ்தி."

கிராஃபில் ஒரு மேடு

மாடியில் எனக்கிருந்த ஒரே பேச்சுத்துணை மூன்றாம் மாடி கரீம் பாய், அத்தர் வியாபாரி. விடிகாலைத் தொழுகை முடிந்து மேலே வருவார். தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம்தான் நிற்பார். அந்தத் தூரம் போதும் என்று நினைத்திருந்தேன். கிரிக்கெட், முட்டிவலி, துபாயிலிருந்து போன் பண்ணாத மகன் என்று தொட்டியைத் தாண்டிக் குரல் கொடுத்துப் பேசுவோம். ஒரு நாளைக்கு நான் பேசுகிற பேச்செல்லாம் அதோடு சரி.

தரமணியில் எங்கள் மேடம் ஒருநாள் கூப்பிட்டு கிராஃபைக் காட்டினார். தினமும் விடிந்ததும் சந்தன எண்ணெய் ஆவி ஒரு மேடாக எழும்பியிருந்தது. குளோரின் எதைத் தின்றது என்ற கணக்கே குழம்பிக் கிடந்தது. "சார், இந்த மேடு கடல்ல இருந்து வரல, யாரோ ஒரு ஆள்கிட்ட இருந்து வருது. ஒண்ணு அவர் வரக் கூடாது, இல்லேன்னா கருவி அங்க இருக்கக் கூடாது."

மேடு இல்லாத காலை

பாயிடம் சொல்ல மனசில்லை. ஆனாலும் சொன்னேன். "அப்படியா சார்" என்று இறங்கிப் போனவர் மறுநாள் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. கிராஃப் வழுவழுவென்று வந்தது. மேடம் பாராட்டினார். எனக்கு அழுகைதான் வந்தது. குடுவையைத் திறந்து வைத்துவிட்டு, தொட்டியின் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நிற்பேன்.

ஒரு வாரம் போயிருக்கும். படியில் செருப்புச் சத்தம் கேட்டது. வாசனையை என் மூக்கு தேடியது, ஒன்றும் வரவில்லை. அத்தர் மணம் போகக் கொடியில் வெயிலிலேயே கிடந்து வெளுத்த சட்டையோடு பாய் நின்றார். அத்தர் பூசாமல் வீட்டுப் படி தாண்டியதே இல்லை என்று என்னிடம் பெருமையடித்துக்கொண்டவர். மாடிக் கதவருகிலேயே தயங்கி நின்றார். "சோப்புகூட போடாம வெறும் பச்சைத் தண்ணில குளிச்சிட்டு வந்துருக்கேன் சார். இன்னிக்கு என்கிட்ட ஒண்ணும் இல்ல, கிட்ட வரலாமா?"

இத்தனை வருஷம் காற்றைப் பிடித்ததில் எனக்கு மிஞ்சியது, கருவியில் தெரியாத ஒரே ஒரு மனிதர்தான்.