என் கதிரையைக் கண்டாலே கத்திய ரோபோ

போன வருசம் நோன்புப் பெருநாள் முடிஞ்ச கையோட, கற்பிட்டிப் பக்கத்துல நான் இறால் உரிக்கிற கம்பெனிக்கு ஒரு ரோபோ வந்து சேர்ந்தது. ஒரு வாளி உசரம், நாலு சில்லு. குளிர் அறைக்கு ஓடுற அமோனியா வாயு எங்கயாவது கசிஞ்சா மோந்து பாத்துக் கத்துமாம். மேசை மேசையாச் சுத்தி வந்தது. ஒருத்தரையும் ஒண்டும் சொல்லல்ல. நான் குந்தி இறால் உரிக்கிற கதிரைக்கிட்ட வந்துதான் வீல் எண்டு கத்திச்சே பாருங்க!

மெனேஜர் ஓடி வந்தாரு. பைப்பெல்லாம் புதுசு, அதுல பிழை வராது எண்டு அவருக்கு நம்பிக்கை. நானோ வெள்ளிக்கிழமையில தலைக்குச் சாம்பிராணிப் புகை புடிக்கிறவ.

"ஒங்கட சாம்பிராணி அதுக்குப் புடிக்கல்ல ராத்தா" எண்டாரு. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாளுவள். வெக்கத்துல என்ட காதெல்லாம் சுட்டுப்போச்சு.

சாம்பிராணிய விட்டேன். கத்திச்சு. தலைக்கு எண்ணெய் வெக்கிறத விட்டேன். கத்திச்சு. தேசிக்காய்ப் புளி தேச்சுத் தேச்சுக் குளிச்சு, கூட்டுற தும்புக்கட்டை மாதிரித் தலையோட போய் நிண்டேன். அப்பவும் கத்திச்சு. "என்னட்ட என்னத்தக் கண்டாய், நாசமாப் போறதே!" எண்டு எல்லாருக்கும் முன்னால அதோட சண்டையும் புடிச்சேன். இறால் நாத்தத்துல ஊறின எங்கட மூக்குக்கு வேற எந்த வாசமும் புடிபடாது. அதால மெஷின் சொன்னாச் சரியாத்தான் இருக்கும் எண்டு நானும் நம்பிட்டேன்.

கடைசியில மெனேஜர், "கொஞ்ச நாளைக்கு வீட்டுல இருங்க ராத்தா" எண்டுட்டாரு. என்ட புள்ளைகள் படிக்கிறதே அந்த வேலையாலதான். அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தேன். என்ட புருசன் என்ட தலைய மோந்து பாத்துட்டு, "எனக்கொண்டும் தெரியல்லயே" எண்டாரு. அவருக்கு அண்டைக்கு மூக்கடைச்ச தடிமல் வேற!

அடுத்த நாள் பகல் கம்பெனியில இருந்து கூட்டாளி ஒருத்தி போன் எடுத்தா. "ராத்தா, நீங்க இல்லாமலே ஒங்கட கதிரையப் பாத்துக் கத்துது!"

என்ட வாசம் கதிரையில ஒட்டியிருக்கு எண்டு அதையும் சவர்க்காரம் போட்டுக் கழுவி வெயில்ல வெச்சிருக்காளுவள். கதிரை இல்லாத வெறும் நிலத்துலயும் அது கத்தினாப் பொறகுதான் மெக்கானிக் பின்னால இருந்த சுவரப் பாத்திருக்காரு. அங்க அமோனியா பைப் மூட்டு ஒண்டு மெல்ல மெல்லக் கசிஞ்சுகொண்டு இருந்திருக்கு. எல்லாரையும் வெளிய அனுப்பிட்டுத்தான் திருத்தினாங்களாம். அந்த மூட்டு ஒரேயடியா விட்டிருந்தா எங்கட கதி என்ன, யா அல்லாஹ்!

மெனேஜர் வீட்டுக்கே வந்து மன்னிப்புக் கேட்டுக் கூட்டிக்கொண்டு போனாரு. நானும் போனேன்.

ஆனா நெனச்சுப் பாத்தா, அந்த மெஷின் ஒரு நாளும் என்னைக் குத்தம் சொல்லவே இல்ல. நாங்கதான் சொன்னோம். ஆக்கள் சிரிச்சதும் பிழை என்னிலதான் எண்டு முதல்ல நம்பினது நானேதான் எண்டத நெனச்சா, எனக்கு இண்டைக்கும் மனசு ஆறுதில்ல.