மாட்டுக்குக் காவல்

பழவேற்காடு. ஒல்லாந்தர் கோட்டைக்குப் பக்கத்தில் ஏரிக்கரை. நான்கு இரவு வண்டியடியில் படுத்து, குடும்பமாக வந்து சேர்ந்திருக்கிறோம். எதிரே தெரியும் தீவில் மகள் வீடு. பேரனைப் பார்த்துவிட்டு நாளையே திரும்பினால்தான் நடவுக்கு ஆகும்.

"நாளிக்கு ஏரில வலை போட எங்க ஊரு முறை. இன்னிக்கு ஒரே நடைதான். விடிகாலைல கூட்டியாந்து வுட்டுட்டு வலைக்குப் பூடுவோம்" என்கிறார் படகுக்காரர்.

"மாட்டை யாராவது பாத்துக்குவீங்களா?"

"மாட்டைப் பத்தி எங்களுக்கு இன்னா தெரியும், நைனா?"

பேரனைப் பார்க்கப் போகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு கிளம்பியவன் நான். மனைவியும் பிள்ளைகளும் படகேறுகிறார்கள். இறங்கியதும் குழந்தையைத் தூக்கிக் காட்டச் சொல்கிறேன்.

மாடுகளுக்கு வைக்கோல் போட்டுவிட்டுப் பார்க்கிறேன். அக்கரையில் யாரோ எதையோ தூக்குகிறார்கள். குழந்தையா, கூடையா, தெரியவில்லை. கை ஓயும்வரை துண்டை ஆட்டுகிறேன்.