நான் விழுங்கிய திட்டுகள்

இரண்டாயிரம் பிறந்த சமயம் அது. எம்.ஏ. ஆங்கிலம் முடித்துவிட்டு, வேலை கிடைக்காமல், சின்னக் காஞ்சிபுரத்தில் பார்க்கிறவர்களிடமெல்லாம் இங்கிலீஷ் பேசிப் பிராணனை வாங்கிக்கொண்டிருந்தேன். ஏனாத்தூரில் ஒரு விவசாயக் குடும்பத்துப் பையன் லண்டனில் வெள்ளைக்காரப் பெண்ணைக் கட்டிக்கொண்டான். பதிவுத் திருமணம், அம்மாவுக்குச் சேதி மட்டும்தான் வந்தது. அந்தப் பெண் மட்டும் இப்போது இரண்டு மாதம் மாமியாரோடு இருக்க வந்திருக்கிறாள், தமிழ் சொல்லித்தர ஆள் வேண்டும் என்றார்கள். பஸ்ஸில் ஏறி ஓடினேன்.

பார்த்த முதல் நாளே அவள் மனசைத் திறந்து கொட்டினாள். பள்ளியில் ஐந்து வருடம் பிரெஞ்சு படித்தாளாம். பிரான்சுக்குப் போய் வாயைத் திறந்தால் கடைக்காரர் இங்கிலீஷில் பதில் சொல்கிறார். ஸ்பெயினிலும் அதே கதை. "எங்களுக்கு எந்த பாஷையும் வராது, ஏனென்றால் யாரும் எங்களை வரவிடுவதில்லை. ஆனால் இந்த அம்மாவோடு ஒரு தடவையாவது நடுவில் ஆள் இல்லாமல் பேசிவிட்டுத்தான் ஊருக்குப் போவேன்" என்றாள். பாவமாக இருந்தது. அந்தப் பாவத்தை நானும் இங்கிலீஷிலேயே சொன்னேன்.

பாடம் ஒரு மணி நேரம். காஞ்சிபுரம் ஆயிற்றே, முதல் வார்த்தையாக 'பட்டு' சொல்லிக்கொடுத்தேன். அப்புறம் தலை, கை, விளக்கு, சோறு. எல்லாவற்றையும் ஒரு நோட்டில் இங்கிலீஷ் எழுத்தில் குறித்துக்கொள்வாள். பாடம் முடிந்ததும் மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்ப்பேன். வினையே அங்கேதான்.

மாமியார் நல்ல மனுஷி, வாய்தான் காரம். முதல் நாள் சாயங்காலம் விளக்கேற்றும்போது இவள் கூந்தலை விரித்துப் போட்டபடி வாசலில் நின்றாள். "வெளக்கு வக்கிற நேரத்துல தலைய விரிச்சிப் போட்டுக்கினு நிக்குது பாரு! மூதேவி உள்ள வந்துடுவா!" என்று பொரிந்தார் மாமியார். என்ன சொன்னார் என்று அவள் ஆவலாக என்னைப் பார்த்தாள். கடல் தாண்டி வந்தவளிடம் அதை எப்படிச் சொல்வது? "உன் கூந்தல் தங்கப்பட்டு மாதிரி இருக்கிறதாம்" என்றேன். அவள் பூரித்துப் போனாள்.

அத்தோடு விட்டேனா? "இடது கையால சோறு போட்டா எவ சாப்பிடுவா?" என்றால், அழகாகப் பரிமாறுகிறாயாம் என்பேன். ஒரு மாதம் இப்படியே ஓட்டினேன். குடும்பத்தைச் சேர்த்து வைக்கிறேன் என்று எனக்கு உள்ளுக்குள் பெருமை வேறு.

ஒருநாள் மாமியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "எத்தினி சொன்னாலும் சிரிச்சிக்கினே நிக்குதும்மா. என்னை மதிக்கவே இல்ல. எம் புள்ளய மட்டும்தான் கட்டிக்கினா போல இருக்குது" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதே வாரம் மருமகள், "தினமும் என்னைப் புகழ்கிறார். விருந்தாளியைத்தான் இப்படிப் புகழ்வார்கள். என் அம்மா என்னைப் புகழ்ந்ததே இல்லை. இவர் என்னை வீட்டில் சேர்த்துக்கொள்ளவில்லை" என்று அழுதாள். இரண்டுக்கும் காரணம் நான். சொன்னால் இரண்டு பேருமாகச் சேர்ந்து துரத்துவார்களே என்று வாயை மூடிக்கொண்டேன். கோழை நான், அவ்வளவுதான்.

அவள் ஊருக்குக் கிளம்பப் பத்து நாள் இருந்தது. அன்றும் விளக்கு வைக்கும் நேரம், அன்றும் விரித்த கூந்தல், அன்றும் மாமியார் பொரிந்தார். தங்கப்பட்டு என்று நான் ஆரம்பிப்பதற்குள் அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். நோட்டைப் புரட்டினாள்.

"பட்டு எங்கே?" என்று தமிழில் கேட்டாள். "அத்தை சொல்றது விளக்கு. தலை. பட்டு இல்லே. ஒருநாளும் பட்டு இல்லே."

மாட்டிக்கொண்டேன். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், இங்கிலீஷில் அவளிடம், தமிழில் மாமியாரிடம். விளக்கு, மூதேவி, இடது கை, ஒன்று விடவில்லை.

"அடிப்பாவி! ஒண்ணுமே சொல்லலியா நீ?" என்று மாமியார் வாயில் கை வைத்தார்.

அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். "இவ்வளவு நாளும் எனக்கு வந்த திட்டை எல்லாம் நீயே சாப்பிட்டுவிட்டாயா?" என்றாள் இங்கிலீஷில். சிரிக்கிறாளா அழுகிறாளா என்றே தெரியவில்லை. உள்ளே போய்ச் சீப்பை எடுத்து வந்தாள். மாமியார் முன்னால் தரையில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, சீப்பைப் பின்பக்கமாக நீட்டினாள்.

"அத்தை. தப்பு. திட்டு."

மாமியார் சீப்பை வாங்கவில்லை. அந்த உச்சந்தலையைப் பார்த்தார். அப்புறம் 'தொப்'பென்று பின்னால் உட்கார்ந்து சீப்பைப் பிடுங்கினார்.

"தலையா இது? எண்ணெயக் கண்டு எத்தினி நாளாச்சி? ஆடாத, நேரா உக்காரு! லண்டன்ல சீப்பே கெடையாதா?"

"சரி அத்தை."

"என்னா சரி? எல்லாத்துக்கும் ஒரு சரி!"

"சரி அத்தை."

சிக்கு எடுக்க எடுக்க அவள் தலை பின்னால் இழுபட்டது, கண்ணில் நீர் முட்டியது, வாய் மட்டும் சிரித்துக்கொண்டே இருந்தது. பழக்கதோஷம், நான் வாயைத் திறந்து, "ஷி சேஸ்..." என்றேன்.

"நீ கம்முனு இரும்மா" என்றார் மாமியார், கூந்தலிலிருந்து கண்ணை எடுக்காமல். "எம் மருமவள நான் திட்டறேன். நடுவுல நீ எதுக்கு?"