நல்ல தண்ணீரில் மூழ்கிய மிதவை

“கடலே முக்க முடியாததை நீ முக்கப் போறியாக்கும்?” என்று அண்ணாச்சி கேட்டார். முக்கூடலில் பழைய இரும்புக் கடை வைத்திருந்தவர் அவர். அந்தக் கடையில் என் அப்பா உளியும் சம்மட்டியும் வைத்துச் சாமான் உடைக்கும் வேலை பார்த்தார். நான் பாளையங்கோட்டையில் வேதியியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். அவர் அதைக் கேட்டபோது கடைக்குப் பின்னாலிருந்த சிமெண்டுத் தொட்டிக்குள் இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தேன். போர்க்கப்பல் ஒன்றின் உயிர்காப்பு மிதவையை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டிருந்தேன். அது அமுங்குவதாக இல்லை.

அந்த மிதவை உவரியிலிருந்து வந்தது. உலகப் போர் நடந்த நாளில் கரை ஒதுங்கியதாம். ஆள் யாரும் இல்லாமல் வந்தது என்று அதை வைத்திருந்த மீனவர் வீட்டில் சொல்வார்கள். மூன்று தலைமுறையாக அதன்மேல் வலை காயப்போட்டிருக்கிறார்கள். புது வீடு கட்டும்போது இடத்தை அடைக்கிறதென்று அண்ணாச்சியின் வண்டியில் ஏற்றிவிட்டார்கள். செம்புக் குழாயை முட்டை வடிவில் வளைத்து, தக்கை சுற்றி, மேலே கித்தான் துணி போர்த்தியிருந்தது. நடுவில் மரச்சட்டத் தளம் கயிற்றில் தொங்கியது. வெளிப்பக்கம் முழுக்கக் கயிற்று வளையங்கள், தண்ணீரில் கிடப்பவர்கள் பிடித்துக்கொள்வதற்கு.

அண்ணாச்சிக்கு அதில் செம்பு மட்டும்தான் தெரிந்தது. அது அவர் தொழில், குறை சொல்ல மாட்டேன். எந்தச் சாமானையும் விரல் கணுவால் ஒரு தட்டுத் தட்டி, இன்ன உலோகம், இன்ன கலப்பு என்று சொல்லிவிடுவார். தவறியதே இல்லை. “முழுசா இருக்கிற சாமானுக்கு எங்கன சந்தை இருக்கு?” என்பது அவர் அடிக்கடி சொல்வது.

திங்கட்கிழமை உடைக்கும்படி அப்பாவிடம் சொல்லியிருந்தார். சனிக்கிழமை அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோன நான் அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கயிற்று வளையங்களில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட மெலிந்து தேய்ந்திருந்தது. யாரோ பிடித்துத் தொங்கியதால் தேய்ந்தது என்று சொல்ல என்னிடம் சான்று இல்லை. வலை உரசியும் தேய்ந்திருக்கலாம். ஆனால் உடைத்துவிட்டால் அப்படி ஒரு கேள்வியைக் கேட்கக்கூட வழியிருக்காது. அதற்காகத்தான் அதை முழுசாக விட்டுவைக்கும்படி அண்ணாச்சியிடம் கேட்டேன். தூத்துக்குடிக்கு லோடு வருஷத்துக்கு ஒன்றிரண்டுதான் போகும்; அடுத்தது போகும்வரை இருக்கட்டும் என்றார்.

முதல் காரியத்தையே தப்பாகச் செய்தேன். கித்தான் கிழிந்து செம்பு தெரிந்த இடத்தை, வீட்டில் செம்புக் குடம் துலக்குவதுபோலப் புளி போட்டுத் தேய்த்தேன். பளபளவென்று வந்தது. பெருமையோடு அண்ணாச்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன். நாலாம் நாள் அதே இடத்தில் வெளிர்பச்சைப் பொடி பொங்கி, விரல் பட்டதும் உதிர்ந்தது. “பூசைச் சாமான்னு நினைச்சியோ? இருந்த வியாதியைக் கூட்டிவிட்டுட்டியே” என்றார். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பா சம்மட்டியிலிருந்து தலை நிமிரவில்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தச் சிரிப்பு என்னை அனுப்பிவைத்த அவர்மீதும் விழுந்தது என்று எனக்குத் தெரியும்.

செம்புக்குள் இறங்கிய கடல் உப்புதான் அதைத் தின்கிறது, நல்ல தண்ணீரில் மாதக்கணக்கில் ஊறவைத்தால்தான் வெளியே வரும் என்று கல்லூரியில் பேராசிரியை சொன்னார். எங்கள் ஊரில் நல்ல தண்ணீருக்கா பஞ்சம்? தாமிரபரணியிலிருந்து பிரிந்த வாய்க்கால் கடையை ஒட்டித்தான் ஓடுகிறது. ஆனால் மிதவை மூழ்க வேண்டுமே. அதற்குத்தான் அண்ணாச்சி அப்படிக் கேட்டார். கேட்டுவிட்டு ஒரு நிபந்தனையும் வைத்தார். “லாரி வாரதுக்குள்ள உப்பு போயிட்டுன்னு எனக்குக் காட்டணும். உன் டீச்சருக்கு இல்ல, எனக்கு. இல்லைன்னா உங்கப்பன் உளியை வச்சிருவான்.”

அவர் உள்ளே போனதும் அப்பா எழுந்தார். ஊரார் வேண்டாமென்று போட்டுப்போன ஆட்டுக்கல்லும் அம்மியும் கடை ஓரத்தில் குவிந்து கிடந்தன. ஒவ்வொன்றாகச் சாக்கில் சுற்றி மிதவைமேல் ஏற்றினார். கடைசிக் கல்லுக்கு அது பைய உள்ளே போனது. அப்பா கையைத் துடைத்துக்கொண்டு உடைக்கிற வேலைக்குத் திரும்பினார்.

வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றினேன். மாற்றுவதற்கு முன் ஒரு குப்பியில் பிடித்து, பேருந்தில் கல்லூரிக்குக் கொண்டுபோய், வெள்ளி நைட்ரேட் இரண்டு சொட்டு விடுவேன். உப்பு இருந்தால் வெளுக்கும். முதலில் தேங்காய்ப்பால் மாதிரி வெளுத்தது. மாதங்கள் போகப் போக அரிசி கழுவிய தண்ணீராகத் தெளிந்தது, பிறகு அதிலும் பாதி. முழுத் தெளிவு வராது, வாய்க்கால் தண்ணீரிலேயே கொஞ்சம் உப்பு உண்டு. அந்த அளவுக்கு இறங்கினால் போதும்.

லாரி வந்த அன்று பேராசிரியையிடம் கேட்டு இரண்டு கண்ணாடிக் குழாய்கள் கொண்டுவந்திருந்தேன். ஒன்றில் வாய்க்கால் தண்ணீர். இன்னொன்றில் மிதவை ஒரு வாரம் கிடந்த தண்ணீர். அண்ணாச்சி முன்னாலேயே சொட்டுவிட்டு, “மிதவைத் தண்ணி எதுன்னு சொல்லுங்க அண்ணாச்சி” என்றேன். அவர் இரண்டையும் வெயிலில் பிடித்துப் பார்த்தார். நிழலில் பார்த்தார். பழக்கத்தில் விரல் கணுவால் தட்டியும் பார்த்தார். சம்மட்டிச் சத்தம் நின்றிருந்தது. கடைசியில் ஒன்றை நீட்டி, “இதாம்ட்டி” என்றார்.

“அது வாய்க்கால் தண்ணி, அண்ணாச்சி.”

அவர் குழாய்களை என் கையில் கொடுத்தார். லாரிக்காரரைப் பார்த்து, “லோடு நிறைஞ்சிட்டு, நீரு கெளம்பும்வே” என்றார். லாரியில் பாதி காலியாகத்தான் இருந்தது.

 அவர் பாராட்டு எனக்குத் தேவைப்படவில்லை. என்னிடம் நிரூபணம் கேட்டவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் பொட்டப்பிள்ளைக்கு இது எதற்கு என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

அண்ணாச்சி இப்போது இல்லை. நான் பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன். வாடகைக்கு எடுத்த பழைய நெல் கிட்டங்கியில் அந்த மிதவையும் பிறகு கிடைத்த இரண்டுமாக மூன்று மிதவைகள் நிழலில் நிற்கின்றன. புது வண்ணம் அடித்தால் கண்காட்சிக்கு எடுத்துக்கொள்கிறோம் என்று ஒருவர் வந்தார். அடிக்க மாட்டேன் என்று அனுப்பிவிட்டேன். போன வாரம், கடையை நடத்தும் அண்ணாச்சியின் மருமகன் போன் செய்தார். உவரிக்குத் தெற்கே ஒரு வீட்டுப் பின்புறத்தில் இன்னொன்று மணலில் பாதி புதைந்து கிடக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை வெட்டு மிஷினோடு போவாராம், அதற்குள் வேண்டுமானால் போய்ப் போட்டோ எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

வெள்ளிக்கிழமையே போனேன். அந்த வீட்டு அம்மாவிடம் பேசிக் கையெழுத்து வாங்கி, மணலைத் தோண்டி, காய்ந்துவிடாமல் ஈரச் சாக்கு சுற்றி, மினி லாரியில் ஏற்றினேன். இன்று சனிக்கிழமை. கிட்டங்கித் தொட்டியில் முதல் தண்ணீர் நிரப்பியாகிவிட்டது.