அக்கா வெயிலுக்குப் போன நாள்

சுருளிக்கிழங்கு வேகும்போது ஆற்றுமணலும் பனி விலகிய வெயிலும் சேர்ந்து மணக்கும். கடலூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெளியூரில் அக்காவின் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவுகளுக்காகச் சொல்கிறேன்: தை மாதம் ஐந்தாம் நாள், சுற்றுவட்டாரத்துச் சாமிகளெல்லாம் தென்பெண்ணையாற்றுக்குத் தீர்த்தவாரிக்கு வரும். அந்த ஆற்றுத் திருவிழாவில் மணலில் குவித்து விற்பார்கள் இந்தக் கிழங்கை. அக்கா மறைந்து வருஷம் திரும்பாத வீடு, பண்டிகை கூடாது என்பது வழக்கம். இருந்தும் இந்தத் தையில் போய் வாங்கி வந்தேன். பானை கொதித்தது. வீடு முழுக்க அக்கா வந்துவிட்டார்.

போன வருஷத்து ஆற்றுத் திருநாளை மட்டும் இந்த மலரில் எழுத வேண்டாம் என்று உறவினர் சிலர் கேட்டுக்கொண்டார்கள். மரியாதையாகக் கேட்டார்கள். மரியாதையாகவே மறுக்கிறேன்.

அக்கா பிறந்தது குமராட்சிக்குப் பக்கத்தில், கொள்ளிடக்கரையில். வெள்ளம் வந்தால் புத்தகப்பையைத் தலையில் வைத்துக்கொண்டு மேட்டுக்கு நடந்து, சிதம்பரத்துக்குப் பஸ் பிடித்துப் படித்தவர். இருபது வயது நிறையுமுன் கடலூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் வேலை கிடைத்தது. அந்தச் சம்பளத்தில்தான் நான் கல்லூரிக்குப் போனேன், அந்தச் சம்பளத்தில்தான் அப்பாவின் கண்ணுக்கு மருத்துவம் நடந்தது. மாமாவைக் கைப்பிடித்து மஞ்சக்குப்பத்தில் குடியேறி, ஒரு மகனைப் பெற்று ஆளாக்கினார். இவையெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. தெரியாதது ஒன்று உண்டு. அக்காவின் வேலையறையில் வெளிச்சமே கிடையாது. இயந்திரங்களுக்குச் சூடு ஆகாது என்று ஜன்னல்களில் கறுப்புத்தாள் ஒட்டியிருப்பார்கள். இருட்டோடு உள்ளே போய் இருட்டோடு வெளியே வருவார். ஊருக்கெல்லாம் ஊரை இணைத்தவர், மார்கழி தை வெயிலைக் காலண்டரில்தான் பார்த்தார்.

கடல் ஊருக்குள் புகுந்த அந்த டிசம்பர் ஞாயிற்றுக்கிழமையும் அருமையான வெயில் நாள்தான். அக்கா அன்று இருக்கையை விட்டு எழவில்லை. தேவனாம்பட்டினத்தில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று கேட்டு அழுதவர்களுக்கெல்லாம் இருட்டும்வரை பதில் சொன்னார். அப்படியொரு வெயிலை இன்னொரு முறை உட்கார்ந்து பார்க்கணும்டி என்று அதற்குப் பிறகு அடிக்கடி சொல்வார். அக்கா ஓய்வு பெற்றதும் மாமா படுக்கையில் விழுந்தார். அதனால் அதுவும் தள்ளிப்போனது.

ஆவணியில் மாமா காலமானார். ஐப்பசியில் அக்காவுக்கு மூச்சு திணறியது. நுரையீரல் சுருங்கிவிட்டது, இனி மருந்துக்கு வேலை குறைவு, பிடித்ததைச் செய்து கொடுங்கள் என்றார் மருத்துவர். ஒளிக்காமல் அக்காவின் முகத்தைப் பார்த்தே சொன்னார். அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஆற்றுத் திருவிழாவுக்கு என்னைக் கூட்டிப் போ.

அங்கேதான் வீடு இரண்டானது. மாமாவின் அக்கா, அதாவது அக்காவுக்கு நாத்தனார், திருவிழாவன்று காலையிலேயே வந்து வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். தம்பியை இழந்த துக்கம் அவருக்கு. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

"தம்பி போயி வருஷம் திரும்பல. தாலி எறக்குனவ திருநாளுக்குப் போறாளாம். ஊரு சிரிக்கும்" என்றார்.

"சிரிக்கட்டும் அண்ணி. இந்த வீட்ல சிரிப்புச் சத்தம் கேட்டு எவ்ளோ நாளாச்சு" என்றார் அக்கா, முடியை வாரிக்கொண்டே.

நாத்தனார் மஸ்கட்டில் இருக்கும் அக்காவின் மகனுக்குப் போன் போட்டார். அம்மாவைத் தடுத்து நிறுத்து என்றார். அக்கா போனை வாங்கினார். மூச்சு வாங்க, பழைய ஆபீஸ் குரலில் பேசினார். "தம்பி, அத்தையோட புகார் பதிவாயிடுச்சு. நான் ஆத்துக்குப் போறேன். லைன வைக்கிறேன்." பிறகு என் பக்கம் திரும்பி, "ஏண்டி, ஆட்டோ சொன்னியா இல்லியா?" என்றார். படியில் இருந்த நாத்தனாரின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார். வேறு பிடிமானம் இல்லை. அவரும் தோளை விலக்கவில்லை.

ஆறு கண்கூசக் கிடந்தது. நடுவில் மெலிந்த நீரோட்டம், இருபுறமும் வெள்ளைமணல், பல்லக்கில் வரிசையாய்ச் சாமிகள், ராட்டினம், கரும்பு, கிழங்கு, புழுதி. காற்றில் குளிர் இருந்தது. வெயில் அந்தக் குளிரைத் தொட்டுத் தொட்டு ஆற்றிக்கொண்டிருந்தது. சுடாத வெயில். அக்கா செருப்பைக் கழற்றி மணலில் கால்விரல்களைப் புதைத்தார். அங்கேயே அவித்து விற்ற கிழங்கின் தோலை நகத்தால் உரித்து, வாயில் போட்டு, கண்ணை மூடினார். நான் தண்ணீர் வாங்கி வருகிறேன் என்று எழுந்து, கூட்டத்தைப் பார்த்துத் தயங்கி நின்றேன். "போ போ, நான் லைன்லயேதான் இருக்கேன்" என்றார்.

பக்கத்து அல்வாக் கடைக்காரர் சட்டென்று திரும்பினார். பரங்கிப்பேட்டை பாய், தாடி நரைத்தவர். வியாபாரத்தை விட்டுவிட்டு எங்களருகே வந்தார்.

"நீங்க டெலிபோன்ல இருந்தீங்களாம்மா? கடலூர் பேசுது, லைன்லயே இருங்கன்னு சொல்வீங்களே, நீங்கதானா?"

அக்கா தலையசைத்தார்.

சவூதியில் அவர் வேலை பார்த்த காலத்தில், அவர் மனைவி பதிவு செய்யும் அழைப்புகளை இணைத்துக் கொடுத்தது அக்காதானாம். மூத்த பிள்ளை பிறந்த சேதி பாதியில் அறுந்துபோக, அடுத்த இணைப்பு கிடைக்கும்வரை விடாமல் முயன்று, ஆணா பெண்ணா என்று அக்காவே கேட்டுச் சொல்லியிருக்கிறார். "குரலு மறக்கல. மொகத்த இன்னிக்குத்தாம்மா பாக்குறேன்" என்றார். கண் கலங்கியிருந்தது. கடையின் தார்ப்பாய் நிழலில் நாற்காலி போடச் சொன்னார்.

"வெயில்ல போடுங்க பாய். நிழல்ல நெறைய நாள் உக்காந்தாச்சு."

வெயிலிலேயே போட்டார். பொழுது சாயும்வரை அக்கா அதில் வீற்றிருந்தார். ஆம், வீற்றிருந்தார். எதிரே இறங்கிய சாமிகளுக்கும் அவருக்கும் அன்று எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அவ்வழியே போன சொந்தக்காரர் இருவர் பார்த்தும் பாராததுபோல் நகர்ந்தார்கள். அக்கா அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஆளுக்கொரு கிழங்கு கொடுத்தார்.

அன்றிரவு இருமல் கூடியது உண்மை. அதற்கு முந்தைய வாரமும் கூடியது, அதுவும் உண்மை. ஆற்றுக்காற்றுதான் அக்காவைக் கொண்டுபோனது என்று இன்றும் பேசுகிறவர்களுக்கு இந்த மலர் வழியே சொல்கிறேன்: அக்காவைக் கொண்டுபோனது நோய். ஆற்றுக்காற்று அக்காவுக்கு ஒரு நாளைக் கொண்டுவந்தது. அந்த நாளுக்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்க மாட்டேன். இந்த மார்கழிப் புயலில் கடலூரின் மரங்கள் சாய்ந்து ஊரே நிழலின்றிக் கிடக்கிறது. தெருவில் இறங்கினால் எங்கும் வெயில். எனக்கு அதெல்லாம் அக்காவின் வெயில்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். மறைக்காமல் பேசிய மருத்துவருக்கு, ஆட்டோவை மணல்வரை இறக்கிய தம்பிக்கு, ஈமக்காரியத்தில் தோள் கொடுத்த தெருவாசிகளுக்கு, சேதி கேட்டுப் பஸ் ஏறி வந்து வாசலில் நின்ற பாய்க்கு. எல்லோருக்கும் மேலாக, கடைசி நாள்வரை வைதுகொண்டே கஞ்சி ஊட்டிய அந்த நாத்தனாருக்கு. ஆற்றிலிருந்து அக்கா கொண்டுவந்த கிழங்கை அன்று தொடாதவர், மறுநாள் தாமே வேகவைத்து அக்காவுக்கு உரித்துக் கொடுத்தார். அதையும் எழுதாமல் விட மாட்டேன்.

போன மாசி பிறந்ததும் ஒரு காலை, சிதம்பரத்தில் என் வீட்டைப் பார்த்துவிட்டு மறுநாள் வருவதாகக் கிளம்பினேன். கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டிருந்தோம். வெயில் அக்காவின் பாதம்வரை வந்திருந்தது. போய்ட்டு வரேன் அக்கா என்றேன். கையைப் பிடித்து நிறுத்தினார். என்னிடம் பேசிய கடைசி வார்த்தைகளை மூச்சைச் சேர்த்துச் சேர்த்துச் சொன்னார்:

"யாராவது என்னக் கேட்டா, உள்ள இல்ல, வெளிய போயிருக்காங்கன்னு சொல்லு."