துடக்குக் கழிவுக்கு வந்த ஆட்கள்

எங்கள் வீட்டில் பைத்தியத்தைக் குறிக்கும் 'விசர்' என்ற சொல் உப்பு, புளி போல எந்த நேரமும் புழங்கும். பால் பொங்கி வழிந்தால், "விசரி, எங்கயடி பராக்குப் பாக்கிறாய்?" என்று அம்மா கத்துவார். பஸ் பிந்தினால் ஐயாவுக்கு அது 'விசர் பஸ்'. அக்காவும் நானும் காரணமில்லாமல் சிரித்தால் அது 'விசர்ச் சிரிப்பு'. அக்காவுக்குப் பிள்ளை பிறந்த கொஞ்ச நாளில் அந்தச் சொல் வீட்டை விட்டுப் போய்விட்டது. சொல்லாதே என்று யாரும் யாருக்கும் சொல்லவில்லை. ஒருநாள் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. அம்மா ஒன்றும் பேசாமல் பழந்துணியால் துடைத்துவிட்டுப் போனார். அப்போதுதான் எனக்கு உண்மையாகவே பயம் பிடித்தது.

வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில் வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்குப் பின்னால் ரெயில் பாதை, அதற்கு அப்பால் கடல். ஐயா கோட்டையில் ஓர் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். வெள்ளைக்காரனின் ஆட்சி, சண்டைக் காலம். கொழும்பில் குண்டு விழுந்த பிறகு ஒழுங்கையில் பாதிப் பேர் மூட்டை கட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் போய்விட்டார்கள். ஐயாவுக்கு லீவு கிடைக்கவில்லை. அதனால் நாங்கள் நின்றோம். ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புக் கடதாசி ஒட்டியிருந்தோம். பகலிலும் வீடு இருட்டுத்தான். ஒளித்து வைக்க ஏதாவது இருப்பவர்களுக்கு அது வசதியான காலம் என்று பிறகுதான் விளங்கியது.

அக்கா கொட்டாஞ்சேனையில் வாழ்க்கைப்பட்டவள். அத்தானுக்குத் துறைமுகத்தில் வேலை. தலைப்பிள்ளைக்கு எங்களிடம் வந்திருந்தாள். பிள்ளை பிறந்தது ஆண், நல்ல கொழுத்த பிள்ளை. அம்மா பிள்ளை பெற்றவளுக்கான மருந்துக் காயம் அரைத்து உருட்டிக் கொடுத்தார், வேப்பிலை அவித்து வார்த்தார், உடம்புக்குச் செய்யவேண்டிய அத்தனையும் செய்தார். குறை சொல்ல மாட்டேன். ஆனால் அக்கா நித்திரை கொள்ளவில்லை. பிள்ளை தூங்கினாலும் அவள் தூங்கமாட்டாள். கழுவிய கையைத் திரும்பக் கழுவுவாள், காய்ந்த துணியைத் திரும்ப நனைப்பாள். பிறகு பிள்ளையை வெறுங்கையால் தொடுவதையே விட்டுவிட்டாள். துவாயை மடித்துக் கையில் போட்டு, அதன் மேல்தான் வாங்குவாள்.

"ஏன் அக்கா அப்பிடி?" என்று கேட்டேன்.

"என்ர கை கூடாது, தங்கச்சி. பிள்ளைக்குக் கூடாது." பின்னால் ரெயில் வீட்டை அதிரவைத்துக்கொண்டு போனது. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னட்ட அவனைத் தனிய விடாதை. நான் என்ன செய்வனெண்டு எனக்கே தெரியேல்லை" என்றாள்.

எனக்கு அப்போது கலியாண வயது, ஆனால் என்ன அறிவு இருந்தது? ஓடிப்போய் ஐயாவிடம் சொன்னேன். ஐயா அன்றைக்கே ரிக்ஷா பிடித்து, என்னையும் கூட்டிக்கொண்டு, அக்காவைக் காலி வீதி டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோனார். அந்த டொக்டர் நல்ல மனிதர். அக்காவிடம் பொறுமையாகக் கேட்டார். அக்காவும் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள், அழுது அழுது சொன்னாள். சொல்லி முடித்ததும் அவள் முகத்தில் கொஞ்சம் இரத்தம் வந்தது போல இருந்தது.

"இது பேயுமில்லை, செய்வினையுமில்லை. இவவின்ர குணமும் இல்லை," என்றார் டொக்டர். "பிள்ளை பெத்த சில பேருக்கு இப்பிடி வாறது. நித்திரைதான் முதல் மருந்து. பிள்ளையை நீங்கள் வாங்கி வைச்சுக்கொண்டு இவவைப் படுக்க விடுங்கோ. தனிய விடாதையுங்கோ, ஏசாதையுங்கோ. மனசில இருக்கிறதைச் சொல்ல விடுங்கோ. கிழமைக்கு ஒருக்கா கட்டாயம் கூட்டிக்கொண்டு வாங்கோ. இதில வெக்கப்பட ஒண்டுமில்லை."

ஐயா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வெளியே வந்தால், நோயாளிகள் காத்திருக்கும் வாங்கிலே ஐயாவுக்குத் தெரிந்த ஒருவர் இருந்தார். "என்ன, மகளுக்கு என்ன சுகமில்லை?" ஐயா நின்ற நிலையில் சொன்னார்: "சும்மா காய்ச்சல்."  வீட்டு வாசலில் இறங்கியதும் அம்மாவிடம், "இனி அங்க போறேல்லை" என்றார்.

காரணம் நான்தான். எனக்கு ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். கொள்ளுப்பிட்டியில் இருந்த குடும்பம், மாப்பிள்ளைக்குச் சுங்கத்தில் வேலை. எங்கள் ஆட்கள் சம்பந்தம் பேசும்போது சாதகம் பார்ப்பதற்கு முன்னாலேயே மெல்லமாக விசாரிப்பார்கள்: குடும்பத்தில் காசம் இருக்கிறதா, வலிப்பு இருக்கிறதா, விசர் இருக்கிறதா? இதில் ஒன்றுக்கு 'ஓம்' என்று யாராவது சொல்லிவிட்டால் அந்த வீட்டுப் படலையை அதற்குப் பிறகு ஒருவரும் திறக்கமாட்டார்கள். அக்காவுக்கு என்றால் எனக்கும், எனக்கு என்றால் என் வயிற்றில் பிறக்காத பிள்ளைகளுக்கும் சேர்த்து முத்திரை குத்திவிடுவார்கள். என்ன நியாயமோ!

"எனக்கு இந்தக் கலியாணம் வேண்டாம்" என்று அம்மாவிடம் சொன்னேன். அழுத்திச் சொன்னேன். அம்மா சிரித்துக்கொண்டே பக்கத்து அறையில் இருந்த ஐயாவைக் கூப்பிட்டு, "இஞ்சேருங்கோ, பிள்ளை வெக்கப்படுறாள்" என்றார். ஒரு பெட்டை வேண்டாம் என்றாலும் அதற்கு வெட்கம் என்றுதான் அர்த்தம். நான் வேறு எந்த மொழியில் சொல்லியிருக்க வேண்டும்?

நேரே பெண் பார்க்க வருவது எங்களுக்குள் வழக்கமில்லை. பிடிக்காமல் போனால் இரண்டு பக்கத்துக்கும் முகம் முறியாமல் இருக்க ஏதாவது ஒரு சாட்டு வைத்துத்தான் வருவார்கள். பிள்ளை பெற்ற தீட்டைக் கழிக்கும் அக்காவின் துடக்குக் கழிவு நாள் நல்ல சாட்டாகக் கிடைத்தது. ஐயர் வந்து தண்ணீர் தெளித்துப் போனதும், பிள்ளை பார்க்க என்று மாப்பிள்ளையின் தாயும் தமக்கையும் வருவார்கள். பிள்ளை பார்க்க வருபவர்கள் பிள்ளையின் தாயையும் பார்ப்பார்கள் அல்லவா? அக்காவை உள்ளே படுக்க வைத்தால் சந்தேகம் வரும். அவள் ஹோலில் பிள்ளையோடு இருந்தேயாகவேண்டும்.

அம்மாவும் ஐயாவும் குசினியில் மெல்லிய குரலில் இதைப் பேசியது அக்காவுக்குக் கேட்டுவிட்டது. என்னைக் கூப்பிட்டாள்.

"நான் நல்லா இருந்தால் உன்ர காரியம் ஒப்பேறும்தானே?"

"அக்கா, எனக்கு ஒரு காரியமும் வேண்டாம். நீங்கள் பேசாமல் படுங்கோ."

"விசர்க்கதை கதையாதை," என்றாள். அந்த வீட்டில் அந்தச் சொல்லைத் திரும்ப எடுத்தவள் அவள்தான்.

அன்றைக்கு அக்கா முழுகி, பச்சைச் சேலை உடுத்து, தலைக்குப் பூ வைத்து ஹோலில் வந்து இருந்தாள். ஐயோ, அவள் இருந்த இருப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! "வாங்கோ, இருங்கோ" என்று வாயெல்லாம் சிரிப்பு. கூப்பன் அரிசியில் கல் பொறுக்கியே கண் போய்விட்டது என்று பகிடி விட்டாள். வந்த தாய் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். தேத்தண்ணி குடித்தார்கள், பலகாரம் சாப்பிட்டார்கள். அந்தத் துவாயைக் கைக்கு மேல் மடித்துப் போட்டு, அதன் மேல்தான் பிள்ளையை வைத்திருந்தாள் அக்கா. "எவ்வளவு துப்புரவான பிள்ளை!" என்று மாப்பிள்ளையின் தமக்கை மெச்சினார்.  நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதுவும் வெட்கம் என்று அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று.

அவர்களை ஐயா படலைவரை வழியனுப்பப் போனார். அக்கா அதே சிரிப்போடு அசையாமல் இருந்தாள். உதட்டை அசைக்காமல் என்னிடம் கேட்டாள்.

"ஆக்கள் போட்டினமோ?"

"போட்டினம் அக்கா."

பிள்ளையை என் கையில் தந்துவிட்டு, கதிரையிலிருந்து அப்படியே வழுகி நிலத்தில் இருந்துவிட்டாள். சேலையெல்லாம் வேர்வையில் தோய்ந்திருந்தது.

அம்மாவுக்கு அது கண்ணில் படவில்லை. அவர் சாமி படத்துக்கு முன்னால் நின்று கையெடுத்துக்கொண்டிருந்தார். "பாத்தியே, ஒண்டுமில்லை அவளுக்கு. எல்லாம் கண்ணூறு, நாவூறு. ஐயர் தண்ணி தெளிச்ச கையோட விட்டிட்டுது."

"அம்மா, அவ நடிச்சவ."

"வாயைப் பொத்தடி!"

ஐயாவிடம் போனேன். ஐயா என்னைக் கூட்டிக்கொண்டு வந்து, எனக்கு முன்னாலேயே அக்காவைக் கேட்டார். "பிள்ளை, இப்ப எப்பிடியம்மா இருக்கு?"

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு ஐயாவைப் பார்த்துச் சிரித்தாள். "ஓம் ஐயா, நான் நல்ல சுகம்."

"கேட்டியோ?" என்றார் ஐயா. அவர் குரலில் இருந்த நிம்மதியை நினைத்தால் அவரைக் கோபிக்கவும் முடியவில்லை. பாவம், நம்ப வேண்டியிருந்தது, நம்பினார்.

அடுத்த நாள் ஓமத் தண்ணீர் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தனியே டிஸ்பென்சரிக்குப் போனேன். அந்தக் காலத்தில் அதுவே பெரிய துணிச்சல். டொக்டர் நான் சொன்னதையெல்லாம் கேட்டார். "நல்லா இருக்கிற மாதிரி இருக்கிறதுதான், பிள்ளை, இன்னும் பயம்," என்றார். "கூட்டிக்கொண்டு வா. ஆளைப் பாராமல் நான் என்ன செய்ய? உன்ர ஐயாவை என்னட்ட வரச்சொல்லு." ஐயாவிடம் சொன்னேன். ஐயா பேப்பரை விரித்து முகத்தை மூடிக்கொண்டார்.

அக்காவைக் கூட்டிப்போக அத்தான் வாடகைக் கார் பிடித்துக்கொண்டு வந்தார். படலையில் வைத்து அவரை மறித்தேன். "அத்தான், இப்ப கூட்டிக்கொண்டு போகாதையுங்கோ. இல்லாட்டி ஒரு நிமிஷமும் தனிய விடாதையுங்கோ."

அவர் நல்லவர். முகம் கறுத்துப்போய் நின்றார். "அவவே சுகமெண்டுறா, மாமா மாமியும் சுகமெண்டுறினம். நீ இப்பிடிச் சொல்லுறாய். நான் ஆரை நம்பிறது, சொல்லு?" கார் புறப்பட்டபோது அக்கா எனக்குக் கை காட்டினாள். மற்றக் கையில் துவாய் இருந்தது.

கொட்டாஞ்சேனையில் அவர்கள் இருந்தது பெரிய தேவாலயத்துக்குப் பக்கத்தில், சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடு. ஒரு பின்னேரம் அத்தான் வேலைக்குப் போயிருந்தார். அவருடைய தாய் கோயிலுக்குப் போயிருந்தார். அக்கா பிள்ளையைக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, துவாயில் சுற்றிப் பக்கத்து வீட்டு மனுசியிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். "கொஞ்சம் வைச்சிருங்கோ, என்னட்ட இருந்தால் இவனுக்குக் கூடாது" என்று மரியாதையாகச் சொன்னாளாம். பிறகு நடந்து மட்டக்குளிக்குப் போய், ஆறு கடலோடு சேரும் இடத்தில் இறங்கியிருக்கிறாள். வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் பாய்ந்து இழுத்துக் கரையில் போட்டார்கள். அவர்களிடமும், "எனக்கு ஒண்டுமில்லை, நான் நல்ல சுகம்" என்றுதான் சொன்னாளாம்.

அதன் பிறகு ஆஸ்பத்திரி. எந்த ஆஸ்பத்திரி என்று கொழும்பில் ஒருவருக்கும் சொல்லத் தேவையில்லை, பெரிய மதிலுள்ள ஆஸ்பத்திரி. பிள்ளையை அம்மா எடுத்துக்கொண்டார். கேட்டவர்களுக்கு, அக்கா குண்டுக்குப் பயந்து யாழ்ப்பாணம் போய்விட்டாள் என்று சொன்னோம். எல்லோரும் ஓடிக்கொண்டிருந்த காலம். ஒருவரும் திரும்பக் கேட்கவில்லை. என் கலியாணம் குறித்த நாளில் நடந்தது. "தமக்கை வரேல்லையோ?" என்று மாமியார் கேட்டார். "ரெயிலில இடம் கிடைக்கேல்லை" என்று அம்மா சொன்னார்.

கலியாணம் முடிந்து கொஞ்சக் காலம் என்னால் பொறுக்க முடிந்தது. பிறகு முடியவில்லை. ஒருநாள் என் கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். திருப்பி அனுப்பினால் அனுப்பட்டும் என்றுதான் சொன்னேன். அவர் எழும்பிப் போய்க் கதவைச் சாத்தினார். பிறகு சொன்னார்: "அம்மாவின்ர தம்பியும் அங்கதான் இருக்கிறார். கன வருஷமா."

எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. அந்தத் தாய்தான் எங்கள் வீட்டில் விசர் இருக்கிறதா என்று ஒழுங்கையில் விசாரித்தவர். தம்பியை ஒளித்து வைத்துவிட்டு வந்து, எங்கள் ஹோலில் இருந்து தேத்தண்ணி குடித்தார். அவர்களுக்குப் பயந்து நாங்கள், எங்களுக்குப் பயந்து அவர்கள்! யாராவது ஒருவர் வாயைத் திறந்திருந்தால் என் அக்கா அன்றைக்கு அந்தக் கதிரையில் இருந்திருக்க வேண்டாம். நாசமாய்ப் போன மானம்.

அவரே என்னைக் கூட்டிக்கொண்டு போனார். நீளமான விறாந்தை, இரும்புக் கட்டில்கள். அக்காவுக்குத் தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்தார்கள். ஆஸ்பத்திரிச் சட்டை. எங்களைக் கண்டதும் இல்லாத சேலைத் தலைப்பைத் தேடி இழுத்துத் தோளில் போட்டாள். நிமிர்ந்து இருந்தாள். அதே சிரிப்பு.

"வாங்கோ, இருங்கோ. தேத்தண்ணி குடிக்கிறியளோ?"

நான் அவளைக் கட்டிப்பிடித்தேன். எலும்புதான் கைக்குத் தட்டுப்பட்டது. அவள் உதட்டை அசைக்காமல் என் காதுக்குள் கேட்டாள்.

"ஆக்கள் போட்டினமோ?"

"போட்டினம் அக்கா. அவை எப்பவோ போட்டினம்."

என் தோளுக்கு மேலால் அவரை எட்டிப் பார்த்தாள். "பொய் சொல்லாதை," என்றாள். "நிக்கினம்."

என்னை மெல்ல விலக்கி, திரும்பவும் நிமிர்ந்து இருந்துகொண்டு, அவரைப் பார்த்துச் சிரித்தாள்.